கணப் பொழுதில் ஒரு முடிவு

நம் வீட்டுக் குழந்தைகளிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்துப் போலீஸ்காரர் படம் ஒன்று எழுதச் சொன்னால், முகம் எப்படி அமைந்தாலும் மீசையும் கைத்தடியும் தவறாமல் வந்துவிடும். திருடனைத் துரத்துவதற்கும் தேர்க் கூட்டத்தை விலக்குவதற்கும் அந்தத் தடி தாராளமாகப் போதும். ஆனால் ஒருவன் கோபுர உச்சியில் துப்பாக்கியுடன் ஏறிக்கொண்டு வீதியில் போவோர் வருவோரையெல்லாம் சுட ஆரம்பித்தால் தடி என்ன செய்யும்? ஆகாய விமானத்துக்குள் எண்பது பேரைச் சிறைவைத்துக்கொண்டு ஒருவன் பேரம் பேசினால் என்ன செய்யும்? பட்டாளத்தைக் கூப்பிடலாமே என்று நேயர்கள் சொல்லக்கூடும். பட்டாளம் பகைவனை அழிப்பதற்குப் பயின்றது. இங்கேயோ பகைவனுக்கும் அவனிடம் அகப்பட்ட அப்பாவிக்கும் நடுவே இரண்டு முழ தூரங்கூட இருப்பதில்லை.

இந்த இக்கட்டிலிருந்து பிறந்தவைதாம் உலகின் பல தேசங்களில் உள்ள விசேஷப் போலீஸ் படைகள். அவற்றின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க நமக்கு ஓர் ஆச்சரியம் உண்டாகிறது. வெற்றியின் காரணமாக ஏற்பட்ட படை அவற்றில் அபூர்வம். ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒரு பெரிய தோல்விக்கு மறுநாள் பிறந்திருக்கிறது.

கோபுரத்தின் மேல்

1966-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் தேதி. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தின் தலைநகரமாகிய ஆஸ்டினில் உள்ள சர்வகலாசாலைக் கோபுரத்தின் உயரம் 307 அடி. அதன் இருபத்தெட்டாவது மாடியில், ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று நாற்புறமும் தாழ்வாரம் அமைத்திருக்கிறார்கள். அன்று நண்பகலுக்குச் சற்று முன்னால், முன்பு பட்டாளத்தில் வேலை பார்த்த மாணவன் ஒருவன் ஒரு பெட்டி நிறையத் துப்பாக்கிகளுடன் அங்கே போய்ச் சேர்ந்தான். தாயையும் மனைவியையும் அதற்கு முன்னரே கொன்றுவிட்டு வந்தவன் அவன். தாழ்வாரத்துக் கதவை அடைத்துக்கொண்டு, கீழே நடமாடியவர்களைக் குறி பார்த்துச் சுடத் தொடங்கினான். 96 நிமிஷ நேரம் அந்தக் கோரம் நடந்தது. அந்தத் தாக்குதலில் பதினான்கு பேர் உயிரிழந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

ஆஸ்டின் போலீஸாரிடம் அன்று இருந்தவை ரிவால்வர்களும், கிட்டத்தில் மட்டுமே பயன்படும் ரவைத் துப்பாக்கிகளுந்தாம். அந்த உயரத்துக்கு அவற்றின் குண்டு போய் என்ன பயன்? ஊர் ஜனங்கள் வீட்டுக்கு ஓடி மான் வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்து வந்து தாங்களும் மேல் நோக்கிச் சுட்டார்கள்! இதனால் ஒரு நன்மை ஏற்பட்டது. கொலைகாரன் தலை தூக்க முடியாமல் மழைநீர் வடியும் துவாரங்களின் வழியாகச் சுட வேண்டியதாயிற்று. ஒரு தீமையும் ஏற்பட்டது. மேலே ஏறிப் போகும் போலீஸாருக்குக் கீழிருந்து வரும் குண்டுகளாலும் அபாயம்.

அப்படி ஏறிப் போனவர்கள் யார்? மேலதிகாரி ஆலோசித்து அனுப்பிய படை அல்ல. ரமீரோ மார்ட்டினெஸ் என்ற போலீஸ்காரர் வேலை நேரம் அல்லாததால் வீட்டில் இருந்தார். செய்தி கேட்டதும் உடுப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தார். ஹூஸ்டன் மெக்காய், ஜெர்ரி டே என்ற மற்றும் இரு போலீஸ்காரர்கள் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். நான்காமவர் ஆலன் க்ரம். சர்வகலாசாலைப் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர், போலீஸ்காரரே அல்லர். இவர்கள் கூடிப் பேசித் திட்டம் போட அவகாசமில்லை. மார்ட்டினெஸ் கதவைத் தள்ளித் திறந்து கிழக்குத் தாழ்வாரம் வழியே ஊர்ந்து போனார், மெக்காய் பின்தொடர்ந்தார். வடமேற்கு மூலையில் இருந்தவனை இருவரும் சுட்டு வீழ்த்தினார்கள்.

தீரச் செயல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெரிய நகரத்தின் பாதுகாப்பு, வீட்டிலிருந்து வந்த ஒருவரையும் புத்தகக் கடைக்காரர் ஒருவரையும் நம்பி நிற்கலாமா? அமெரிக்காவெங்கும் போலீஸ் தலைவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் அதற்கு முன்பே இதைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 1965 ஆகஸ்டில் அந்நகரத்தின் வாட்ஸ் பகுதியில், கறுப்பு ஜனங்கள் நெடுநாள் அநுபவித்த அநீதியின் வெப்பத்தில் மூண்ட கலகம் ஆறு நாள் நீடித்து 34 பேரைப் பலி கொண்டது. ஜான் நெல்ஸன் என்ற உத்தியோகஸ்தர் ஒரு யோசனை சொன்னார். டாரில் கேட்ஸ் என்ற அதிகாரி அதை ஏற்றார். நால்வர் கொண்ட பதினைந்து குழுக்கள். ஆக 60 பேர். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். இதற்குக் கேட்ஸ் முதலில் வைத்த பெயர் 'விசேஷ ஆயுதத் தாக்குதல் படை' என்று பொருள்படுவது. 'தாக்குதல்' என்ற சொல் மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. எழுத்துக்களை மாற்றாமலே 'விசேஷ ஆயுதங்களும் தந்திரங்களும்' என்று பெயரின் பொருளை மாற்றினார்கள். 'ஸ்வாட்' என்ற பெயர் இவ்வாறு நிலைத்தது. 1975-இல் அதே பெயரில் டெலிவிஷன் நாடகத் தொடர் ஒன்றும் வந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? சிற்றூர்களெல்லாம் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று புறப்பட்டன.

பெயரை மாற்றுவது சுலபம். சுபாவத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. 1985 மே 13-ஆம் தேதி பிலடெல்பியா நகரத்தில், ஒரு வீட்டுக்குள் ஆயுதங்களுடன் இருந்த கூட்டத்தாரை வெளியேற்றுவதற்காகப் போலீஸார் ஹெலிகாப்டரிலிருந்து அந்த வீட்டுக் கூரையின் மேல் வெடிகுண்டு போட்டார்கள். தீ பரவியது. ஐந்து குழந்தைகள் உட்படப் பதினொரு பேர் மடிந்தார்கள். 61 வீடுகள் நாசமாயின. சொந்த ஊரின் மேலேயே குண்டு போட்ட போலீஸ்! அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மற்றோர் உண்மை வெளியாயிற்று. அவர்கள் பரிசீலித்த எண்ணூற்றுக்கு மேற்பட்ட சம்பவங்களில், பிணையாளிகளை மீட்பது போன்ற காரியங்களுக்கு இப்படை சென்றது நூற்றுக்கு ஏழு தடவைதான். நூற்றுக்கு 79 தடவை வீடுகளைச் சோதனையிடும் வாரண்டுகளை நிறைவேற்றவே சென்றிருக்கிறது. நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு நுழையும் முறை, கஞ்சாப் பொட்டலம் தேடுவதற்கு ஏற்பட்டதல்ல. சம்மட்டி கையில் இருப்பதனாலேயே சுண்டைக்காயையும் அதனால்தான் நசுக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ம்யூனிக்கில் ஓர் இரவு

ஐரோப்பாவுக்குப் பாடம் சொன்னது 1972 செப்டம்பர் 5-ஆம் தேதி. ம்யூனிக் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தன. ஹிட்லர் காலத்து ஞாபகம் யாருக்கும் வரக்கூடாது என்று ஜெர்மானியர் காவலைக் குறைத்து, விளையாட்டு விழாவைச் சிரித்த முகத்துடன் நடத்தினார்கள். விடியற்காலையில் எட்டுப் பாலஸ்தீனியர்கள் வேலியேறிக் குதித்து இஸ்ரேல் வீரர்களின் விடுதியில் புகுந்தார்கள். இருவரைக் கொன்று, ஒன்பது பேரைப் பிணையாக வைத்துக்கொண்டு, இருநூற்றுக்கு மேற்பட்ட கைதிகளை விடுவிக்கும்படி கேட்டார்கள்.

அன்று பகலில் போலீஸார் விளையாட்டு உடை அணிந்து கூரைகளின் மேல் பதுங்கி ஏறினார்கள். அந்தக் காட்சியை டெலிவிஷன்காரர்கள் உலகத்துக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். விடுதிக்குள்ளேயும் டெலிவிஷன் பெட்டி இருந்தது! தம்மைப் பிடிக்க வருபவர்களை உள்ளே இருந்தவர்கள் சௌகரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இரவில், பிணையாளிகளும் பிடித்தவர்களும் ஹெலிகாப்டர்களில் புர்ஸ்டன்பெல்ட்ப்ருக் விமான நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே அவர்களை எதிர்பார்த்துக் குறி வைத்திருந்த துப்பாக்கிக்காரர்கள் ஐந்து பேர். எதிரிகள் எத்தனை பேர் என்பதைச் சரியாக எண்ணாததால் வந்த வினை இது. அந்த ஐவரும் அதற்கென்று தேர்ச்சி பெற்றவர்கள் அல்லர். ஒருவரோடொருவர் பேச ரேடியோ கிடையாது. இருளில் பார்க்கும் கண்ணாடி கிடையாது. ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள் விமானச் சிப்பந்திகளைப் போல் வேஷம் தரித்து ஒரு போலீஸ் குழு காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் தங்களுக்குள் ஓட்டெடுத்து, இது தற்கொலைக்குச் சமானம் என்று முடிவு செய்து, மேலதிகாரியைக் கேளாமலே இறங்கிப் போய்விட்டார்கள். கவச வண்டிகளை முன்கூட்டி வரவழைக்க யாருக்கும் தோன்றவில்லை; தோன்றியபோது அவை வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களின் மோட்டார் நெரிசலில் சிக்கிக்கொண்டன. முடிவு என்னவென்று உலகம் அறியும். ஒன்பது பிணையாளிகளும் மாண்டார்கள். போலீஸ்காரர் ஒருவரும் எதிரிகளில் ஐவரும் மாண்டார்கள். அத்தனை பேரும் தப்பிவிட்டார்கள் என்று முதலில் செய்தி பரவி, அதை நம்பி மகிழ்ந்த குடும்பங்களுக்குச் சில மணி நேரத்தில் உண்மை தெரியவந்தது. இதைவிடக் கொடுமை வேறில்லை.

உள்நாட்டு மந்திரியின் கூட இருந்து அந்த இரவைக் கண்ணாரக் கண்டவர் உல்ரிக் வெகனர் என்ற எல்லைக் காவல் அதிகாரி. அந்த மாதமே 26-ஆம் தேதி, அவருடைய தலைமையில் ஜி. எஸ். ஜி. 9 என்ற படை ஏற்பட்டது. ராணுவத்தைச் சேராமல் எல்லைப் போலீஸின் கீழ் அமைந்த படை அது.

ஐந்து வருஷம் கழித்துச் சோதனை வந்தது. 1977 அக்டோபர் 13-ஆம் தேதி லுப்தான்ஸா கம்பெனியின் விமானம் ஒன்றை நால்வர் கடத்தினார்கள். ஏடனில் விமானத் தலைவர் யூர்கன் ஷூமனைக் கொன்றார்கள். 18-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து, ஸோமாலியாவின் மோகடிஷுவில் வெகனரின் ஆட்கள் விமானத்தின் அடியில் ஓசைப்படாமல் ஏணிகளைச் சார்த்தினார்கள். அதே சமயத்தில் விமானத்தின் முன்னால் சிறிது தூரத்தில் ஸோமாலியச் சிப்பாய்கள் தீ மூட்டினார்கள். அது என்னவென்று பார்க்கக் கடத்தல்காரர்கள் விமானத்தின் முன்பகுதிக்குப் போனார்கள். உடனே எல்லாக் கதவுகளும் ஏககாலத்தில் திறந்தன. பெரிய ஓசையும் பிரகாசமும் உண்டாக்கிப் புலன்களைக் கலங்கச் செய்யும் குண்டுகள், பிரிட்டிஷ் ராணுவத்தார் இருவர் கொண்டுவந்தவை, வெளியே வெடித்தன. ஜெர்மன் பாஷையில் "தலையைக் குனியுங்கள்" என்று கூவிக்கொண்டே வீரர்கள் நுழைந்தார்கள். அந்தப் பாஷை கடத்தியவர்களுக்குத் தெரியாது, பிரயாணிகளுக்குத் தெரியும். ஏழு நிமிஷத்தில் 86 பிணையாளிகளும் மீட்கப்பட்டார்கள்.

பேச்சும் ஓர் ஆயுதமே

ஆயினும், எல்லாக் கதவுகளையும் உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்பதில்லை. ம்யூனிக் செய்தியைப் படித்த நியூயார்க் போலீஸார் வேறு வழியில் யோசித்தார்கள். ஹார்வி ஷ்லாஸ்பெர்க் என்பவர் துப்பறியும் போலீஸ்காரர். மனோதத்துவத்தில் டாக்டர் பட்டமும் பெற்றவர். அவரும் ப்ராங்க் போல்ஸ் என்ற அதிகாரியும் சேர்ந்து, 1973-இல் பேச்சு நடத்துவதற்கென்றே ஒரு குழுவை அமைத்தார்கள். அவர்கள் கண்ட தத்துவம் எளிது. நேரம் போகப் போக அது போலீஸார் பக்கமே சாய்கிறது. உள்ளே இருப்பவனுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், கோபம் ஆறும். ஆகையால் இடத்தை வளைத்துக்கொள். வெளித் தொடர்பை அறு. பிறகு பேசு, பேசிக்கொண்டேயிரு. மற்றொரு விதியும் செய்தார்கள். பேசுபவர் வேறு, உத்தரவு போடுபவர் வேறாக இருக்க வேண்டும். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல முடிந்தால்தானே காலத்தைக் கடத்தலாம்? நம் ஸர்க்கார் ஆபீஸ்களில் இக்கலை வெகு காலமாக விளங்கி வருவதை நேயர்கள் அறிவார்கள். உயிரைக் காப்பதற்கு அதைப் பயன்படுத்தியவர் நியூயார்க்கார்தாம்.

1973 ஜனவரியில் ப்ரூக்ளினில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில், துப்பாக்கிகளைத் திருட வந்த நால்வர் கடையில் இருந்தவர்களைச் சிறைப்பிடித்தார்கள். ஆரம்பத்திலேயே போலீஸ்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். தோழனைப் பறிகொடுத்த போலீஸாரின் இரத்தம் எப்படிக் கொதித்திருக்கும்! ஆயினும் கடைக்குள் பாயவில்லை. 47 மணி நேரம் காத்திருந்தார்கள். பிணையாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள்.

நம் தேசத்தில்

1984-இல் நம் ஸர்க்கார் தேசியப் பாதுகாப்புப் படையை அமைக்கத் தீர்மானித்தபோது, முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது மேற்சொன்ன ஜெர்மன் படையைத்தான். அப்படையின் வரலாற்றில் அமிர்தசரஸ் விமான நிலையம் இரு முறை வருகிறது. 1993 ஏப்ரலில், 141 பேருடன் கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் அங்கே இறங்கியது. டில்லியிலிருந்து வந்த படையினர் நள்ளிரவுக்குப் பின் உள்ளே புகுந்து, சில நிமிஷங்களில் காரியத்தை முடித்தார்கள். பிரயாணிகளில் ஒருவருக்கும் காயமில்லை. 1999 டிசம்பர் 24-ஆம் தேதி, காட்மாண்டுவிலிருந்து கடத்தப்பட்ட விமானம் அதே நிலையத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நின்றது. டில்லியில் அதிகாரிகள் கூடி ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். படை வந்து சேருமுன் விமானம் பறந்துவிட்டது. பிறகு காந்தஹாரில் மூன்று கைதிகளைக் கொடுத்துப் பிரயாணிகளை மீட்க நேர்ந்தது. முக்கால் மணி நேரம் என்பது பெரிதா, சிறிதா? டில்லி அறையில் இருந்தவர்களுக்குச் சிறிது. அமிர்தசரஸ் ஓடுதளத்தில் அதுவே யுகம்.

2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவு பம்பாயில் பத்துப் பேர் புகுந்து 166 பேரைக் கொன்ற சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. தேசியப் படை அப்போது டில்லிக்கு அருகில் மானேஸரில் மட்டும் இருந்தது. விமானம் பிடித்து மறுநாள் காலையில்தான் பம்பாய் வந்து சேர முடிந்தது. அதுவரை உள்ளூர்ப் போலீஸார் கையில் கிடைத்ததைக் கொண்டு சமாளித்தார்கள். கிர்காம் கடற்கரையோரத்தில் துக்காராம் ஓம்பளே என்ற உதவி ஸப்-இன்ஸ்பெக்டர், வெறும் தடியுடன் நின்றவர், எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக் குழாயை இரு கையாலும் பற்றிக்கொண்டு, குண்டுகள் அத்தனையையும் தம் உடலில் ஏற்றார். பத்துப் பேரில் ஒருவன் உயிருடன் பிடிபட்டது அவருடைய அந்த ஒரு கணத்து முடிவினால்தான். அவருக்கு அசோக சக்கரம் அளித்தார்கள், இறந்த பிறகு.

ம்யூனிக்கின் டெலிவிஷன் பெட்டி பம்பாயிலும் இருந்தது. கமாண்டோக்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கூரையில் இறங்குகிறார்கள் என்பதையெல்லாம் நம் டெலிவிஷன்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு காட்ட, அந்நிய நாட்டில் அமர்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துத் தம் ஆட்களுக்கு டெலிபோனில் உத்தரவு கொடுத்தார்கள். முப்பத்தாறு வருஷத்துக்கு முந்திய பாடத்தை நாம் மறுபடியும் நம் செலவிலேயே கற்றோம்! சுப்ரீம் கோர்ட்டார் 2012-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இத்தகைய நடவடிக்கைகளை நடக்கும்போதே காட்டக்கூடாது என்று 2015-இல் விதி வந்தது. தேசியப் படையின் பிரிவுகள் 2009-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் ஏற்பட்டன.

மனம் செய்யும் வேலை

கதவுக்கு வெளியே நிற்பவரின் மனம் எவ்வாறு முடிவு செய்கிறது? இருதயம் படபடக்கிறது, கண்ணுக்கு நேரே உள்ளது மட்டும் தெரிகிறது, பக்கத்தில் உள்ளது மறைகிறது, தாம் சுட்ட துப்பாக்கியின் ஓசையே காதில் விழவில்லை என்று சொல்லும் போலீஸார் பலர். இந்த நிலையில், 'வழிகள் மூன்று; ஒவ்வொன்றின் லாப நஷ்டம் இன்னின்னது' என்று தராசு பிடித்துப் பார்க்க இயலுமா?

கேரி க்ளைன் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இதைத் தீயணைப்புப் படைத் தலைவர்களிடம் ஆராய்ந்தார். அவர்கள் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே அபூர்வம் என்று கண்டார். பல வருஷ அநுபவத்தில், 'இது இன்ன மாதிரியான தீ' என்று அடையாளம் தெரிந்துவிடுகிறது. அடையாளம் தெரிந்தவுடன் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடுகிறது. ஒரு தலைவரின் கதை சுவையானது. ஒரு வீட்டின் சமையலறையில் தீ. தண்ணீர் பாய்ச்சியும் தணியவில்லை. அறையின் வெப்பம் மிதமிஞ்சியிருந்தது. ஆனால் தீயின் இரைச்சல் அதற்குத் தக்கபடி இல்லை. ஏதோ சரியில்லை என்று தோன்ற, "எல்லோரும் வெளியே!" என்று உத்தரவிட்டார். வெளியேறிய உடனே அவர்கள் நின்ற தரை இடிந்து விழுந்தது. உண்மையான தீ அடியில் உள்ள நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. தமக்கு ஏதோ ஞான திருஷ்டி என்று அவர் நெடுநாள் நம்பியிருந்தாராம். ஞான திருஷ்டி அல்ல. காட்சி வழக்கமான மாதிரியோடு பொருந்தவில்லை என்பதை அவர் மனம் அவருக்கு முன்பாகவே கண்டுகொண்டது.

இவ்விதமாக அறியும் மனம் தவறான அடையாளத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் பயங்கரம். 1999 ஏப்ரல் 20-ஆம் தேதி கொலராடோ மாகாணத்தில் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் இரு மாணவர்கள் சுடத் தொடங்கினார்கள். போலீஸார் நியூயார்க்கில் கற்ற பாடப்படி பள்ளியை வளைத்துக்கொண்டு, விசேஷப் படைக்காகக் காத்திருந்தார்கள். பேரம் பேசுகிறவனிடம் நேரம் போலீஸாரின் நண்பன். கொன்றுகொண்டே போகிறவனிடம் நேரம் அவனுடைய நண்பன் அல்லவா? பன்னிரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்று மாண்டார்கள். உள்ளே ஒருவர் இரத்தம் பெருகிச் சாகிறார் என்று ஜன்னலில் அட்டை எழுதி வைத்தும், அந்த ஆசிரியரிடம் உதவி வந்து சேர மணிக்கணக்காயிற்று. அதன் பிறகு அமெரிக்கப் போலீஸாருக்குப் புதிய விதி கற்பிக்கப்பட்டது. சுடுகிறவன் இருக்கும் இடத்துக்கு, முதலில் வந்தவர் யாரோ அவரே போக வேண்டும். படைக்காகக் காத்திருக்கக் கூடாது.

விதி வந்து இருபத்து மூன்று வருஷத்துக்குப் பின், 2022 மே 24-ஆம் தேதி, டெக்ஸாஸில் யுவால்டி என்ற சிற்றூரின் ஆரம்பப் பாடசாலையில் ஒருவன் புகுந்தான். மூன்று நிமிஷத்துக்குள் போலீஸார் உள்ளே வந்துவிட்டார்கள். வகுப்பறைக் கதவை நெருங்கியபோது உள்ளிருந்து சுடப்பட்டதால் பின்வாங்கினார்கள். அந்தக் கணத்தில் பள்ளிப் போலீஸ் தலைவர், 'இவன் அறைக்குள் அடைத்துக்கொண்டு கிடப்பவன். நேரம் நம்முடையது' என்று அடையாளம் கண்டார். அவரிடம் ரேடியோ இல்லை, ம்யூனிக்கின் கதைதான். அறைக்குள்ளிருந்து குழந்தைகள் டெலிபோனில் போலீஸை அழைத்துக்கொண்டிருந்த செய்தி, முடிவு செய்ய வேண்டியவருக்குப் போய்ச் சேரவில்லை. கேடயங்கள் வந்தன, பெரிய துப்பாக்கிகள் வந்தன, பல இலாகாக்களிலிருந்தும் ஆட்கள் வந்து 376 பேர் ஆனார்கள். 1966-இல் அதே மாகாணத்தில் நான்கு பேர் ஏறிப் போன கோபுரம் நம் ஞாபகத்துக்கு வருகிறது. கதவைத் திறக்கச் சாவி தேடிக்கொண்டிருந்தார்கள். போலீஸார் கதவைத் திறந்து அவனைச் சுட்டபோது, அவன் நுழைந்து 77 நிமிஷம் ஆகியிருந்தது. பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள்.

டெக்ஸாஸ் சட்டசபைக் கமிட்டியார் அந்த ஜூலை மாதத்தில் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த வகுப்பறைகளில் ஒன்றின் பூட்டு பழுதானது என்பது பள்ளியில் பலருக்குத் தெரிந்த சங்கதி. அன்றும் அது சரியாகப் பூட்டியிருக்கவில்லை என்றே தோன்றுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியைத் திருகிப் பார்த்தவர் அத்தனை பேரில் ஒருவரும் இல்லை.